நாவல் திருத்தம்: படித்துப் பார்க்க ஆள் தேவை

மும்பை நண்பர்களுக்கு வணக்கம். 1982 ஜனவரியில் தொடங்கிய மும்பை துணி மில் வேலைநிறுத்தத்தைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுதி, இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பரேலில் தறி ஓட்டியவரின் குடும்பக் கதை.

ராத்திரி அருமையாக வந்ததென்று நினைத்த அத்தியாயம், காலையில் லோக்கல் ரயிலில் நின்றபடி போனில் படித்தால் சப்பென்று இருக்கிறது. வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த்தின் கூட்டங்கள், வேலையை நிறுத்திய இரண்டரை லட்சம் பேர் என்று செய்தி மாதிரி இருந்த பக்கங்களை வெட்டினேன். கதை ஓடத் தொடங்கியது. ஆனால் இப்போது, அந்த வீட்டில் ஏன் சம்பளம் வரவில்லை என்பது வரலாறு தெரியாதவருக்குப் புரியுமா என்று சந்தேகம். மனைவி புரிகிறது என்கிறாள். அவள் அப்பா மில் தொழிலாளி, அந்தச் சாட்சி செல்லாது!

அதனால் வேலைநிறுத்தம் பற்றி ஒன்றும் தெரியாத இளைஞர்கள் யாராவது முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துத் தர முடியுமா? எந்த இடத்தில் கீழே வைக்கத் தோன்றியதோ, அங்கே ஒரு கோடு போட்டால் போதும். பாராட்டெல்லாம் அப்புறம்.

அப்புறம் தாராவி, பரேல் பெரியவர்களுக்கு: அந்த மாதங்களில் மளிகைக் கடையில் எவ்வளவு நாள் கடன் கொடுத்தார்கள்? ஊருக்குத் திரும்பியவர்கள் வாடகை வீட்டை என்ன செய்தார்கள்? பெண்கள் என்ன வேலைக்குப் போனார்கள்? என் நாவலில் இந்தப் பகுதிதான் பலவீனம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன், டீ என் செலவு.

விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பிடிஎஃப் அனுப்புகிறேன்.