குழந்தை பார்க்க வெளிநாட்டு ஆள் வைத்தவர்கள், ஆவணம் சரிபார்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிங்காநல்லூர்க்காரி:
எட்டு மாசக் குழந்தை, எனக்கு ஐடி வேலை, அத்தைக்கு மூட்டுவலி. ஏஜென்ட் ஒரு நேபாளப் பெண்ணைக் கூட்டி வந்தார். 1950 ஒப்பந்தப்படி நேபாளக்காரர்கள் விசா இல்லாமல் இங்கே தங்கி வேலை செய்யலாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த நாட்டுக்காரர்தானா என்று பார்க்க வேண்டுமே. கேட்டேன். அவர்கள் நாகரிக்தா என்று சொல்லும் குடியுரிமைச் சான்றை எடுத்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த தாள், ஒரு போட்டோ, இரண்டு பெருவிரல் ரேகை, மடிப்பெல்லாம் செலோடேப். நகல் எடுக்க மாடிக்குக் கொண்டுபோனேன். திரும்பிப் பார்த்தால், குழந்தையைத் தோளில் போட்டபடி கடைசிப் படியில் நின்று கையை நீட்டுகிறாள். "தீதி, வாபஸ்?" அக்கா, திருப்பித் தருவீர்களா என்கிறாள்.

முன்பு வேலை செய்த வீட்டில் அதை வாங்கி ஒன்றரை வருஷம் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்களாம். அப்புறம்தான் சொன்னாள். நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அந்தப் படியைக் கடக்கும்போது அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

பனியன் ஊர்க்காரன்:
தாளைப் பார்த்தீர்கள், சரி. நானும்தான் பார்த்தேன். ஏஜென்ட் அனுப்பிய அம்மா ஆதார் கொடுத்தார், கொல்கத்தா பக்கம் முகவரி. கியூஆரை ஸ்கேன் செய்தேன், பெயரும் படமும் ஒத்துப்போயின. ஏழு மாசம் என் மகளை அப்படிப் பார்த்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போலீஸ் வந்தது. பங்களாதேஷ்காரர் என்றார்கள். அப்போது பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வரச் சொன்னதும் கையிலிருந்த கவளத்தை ஊட்டி முடித்து, முந்தானையால் பாப்பாவின் வாயைத் துடைத்து, தட்டை என் கையில் கொடுத்தார். தட்டில் பாதி இட்லி இருந்தது. அவரை மகள் மாசி என்றுதான் கூப்பிடுவாள், வங்காளியில் சித்தி. "மாசி டாட்டா" என்று கையாட்டினாள்.

ஸ்டேஷனில் எஸ்ஐ என் ஆதாரையே வாங்கித் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். இது அடையாளத்துக்குத்தான், குடியுரிமைக்கு இல்லை என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது.

கோபி மாமா:
இரண்டு பேருமே ஏஜென்ட்டை நம்பியிருக்கிறீர்கள், அதுதான் தப்பு. என் தங்கை வீட்டுக்கு ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைச் சொன்னார்கள். நல்ல இங்கிலீஷ், நல்ல பழக்கம். பாஸ்போர்ட்டைப் பிரித்தால் டூரிஸ்ட் விசா. முடியாதம்மா என்றேன். ஆறிப்போன காபியை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனது அந்தப் பிள்ளை.

கேட்டுக்கொள்ளுங்கள். டூரிஸ்ட் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யவே கூடாது. எம்ப்ளாய்மென்ட் விசா வாங்கித் தரலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், நம் ஆட்களே நிறையக் கிடைக்கிற வேலைக்குத் தரவும் மாட்டார்கள். விசாவோடு வந்தவரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் ஃபார்ம் III (முன்பு ஃபார்ம் சி) பதிய வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், வீட்டுக்கும் உண்டு. வெளிநாட்டவர் பற்றிய 1946 சட்டத்தை மாற்றி 2025இல் புதுச் சட்டமே வந்துவிட்டது. பழைய ஆள் சொல்கிற பழைய கதையை நம்பி இறங்காதீர்கள். விசாவில் இருக்கும் பெயர், வகை, முடியும் தேதி மூன்றையும் நீங்களே படியுங்கள். வாட்ஸ்அப் போட்டோ வேண்டாம், அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

சத்தி ரோடு:
மாமா, படித்தவுடன் திருப்பியும் கொடுக்க வேண்டும். அம்மிணி சொன்னதே அதுதானுங்க.

ஈரோடு அம்முச்சி:
நம்ம பிள்ளைகளும் வெளியூரில் இப்படித்தான் நிற்கிறார்கள். மகள் லண்டன் பக்கம், பேத்திக்கு ஒன்றரை வயசு. நான் அங்கே போயிருந்தபோது குழந்தை பார்க்க வந்தது நாமக்கல் பொண்ணு, மாணவர் விசாவில் படிக்கிறாள். அங்கே வேலைக்கு வருகிறவர்கள், தங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருப்பதைக் காட்ட, ஷேர் கோட் என்று எழுத்தும் எண்ணுமாக ஒன்பது கொடுப்பார்கள். அதையும் பிறந்த தேதியையும் அரசாங்க வெப்சைட்டில் போட்டால் படமும், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதும் வரும். வேலையில் சேரும் முன்பே பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஒருத்தரிடம் மட்டும் கேட்கக் கூடாது, யார் வந்தாலும் கேட்க வேண்டும்.

கல்லூரி நடக்கிற வாரத்தில் 20 மணி நேரம்தான் என்று வந்தது. எல்லா வேலையும் சேர்த்து 20. ஏற்கெனவே ஒரு கடையில் 16 செய்கிறாள். மகளுக்கு வேண்டியது 35. "மிச்சத்துக்குக் கையில காசு குடுங்கக்கா, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள், ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே. பிடிபட்டால் முதல் தடவையே 45,000 பவுண்டு வரைக்கும் அபராதம், அவள் படிப்பும் போயிடும். மகள் முடியாது என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "சாப்பிட்டியா கண்ணு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். தயிர் சோறு போட்டேன், ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சிங்காநல்லூர்க்காரி:
பனியன் ஊர்க்கார அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? அவருடைய சாமான்கள் என்னாச்சு?

பனியன் ஊர்க்காரன்:
மொட்டை மாடி ரூமில் பெட்டி இருக்கு. கடைசி மாசச் சம்பளத்தையும் கவரில் போட்டு அதுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று ஸ்டேஷனில் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.