பி.டி.பி.டி.என். (மலேசிய அரசின் உயர்கல்விக் கடன்) பணம் நின்றுவிட்டது, தம்பி படிப்பை விடலாமா?

சுங்கை சிப்புட் அக்கா:
தம்பி டிப்ளோமா படிக்கிறான். முதல் செமஸ்டரில் மதிப்பெண் சராசரி 4.00க்கு 1.85 தான். இந்த முறை பி.டி.பி.டி.என். பணம் வரவில்லை. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், மழைக்காலத்தில் சம்பளம் குறையும். கடன் ரத்தாகிவிடுமா? படிப்பை விட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான். மனசு கேட்கவில்லை.

தோட்டத்து ஆசிரியர்:
விடாதேம்மா. மொத்தச் சராசரி 2.00க்குக் கீழே போனால் பணம் நிறுத்தி வைக்கப்படும், அவ்வளவுதான். 2.00 எட்டினால் மறுபடி வரும். கணக்குப் போட்டுப் பார். இரண்டு செமஸ்டரிலும் 15 கிரெடிட் (பாடங்களின் எடை) என்றால் அடுத்ததில் 2.15 எடுத்தாலே சராசரி சரியாக 2.00. எல்லாப் பாடத்திலும் சி தரம் (2.00), ஓரிரண்டில் பி தரம் (3.00), அது போதும். இப்போது நின்றாலும் இதுவரை வாங்கிய கடனைக் கட்டித்தான் ஆக வேண்டும், கையில் சான்றிதழும் இருக்காது. நம் தோட்டப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் விட்டுப்போகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை.

தைப்பிங் அம்மா:
எந்தப் பாடத்தில் விழுந்தான்? என் மகள் படித்த இடத்தில் திரும்ப எழுதினால் பழைய மதிப்பெண்ணைச் சேர்க்கமாட்டார்கள். அங்கே எப்படி என்று ஆலோசகரிடம் கேட்கச் சொல். கட்டணத்தைத் தவணையாகக் கட்டவும் கடிதம் கொடுங்கள்.

சுங்கை சிப்புட் அக்கா:
கணக்கியலில்தான். திங்கட்கிழமை ஆலோசகரைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா.