பொருள்: ‘டேட்டா லேபிளிங்’ – தமிழில் என்ன எழுதலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து:
மகளிர் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. ‘டேட்டா லேபிளிங்’குக்குச் சொல் வேண்டும். வேலை இதுதான்: வண்டிகளை இனம்காணக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க, சாலைப் படத்தில் ஒவ்வொரு வண்டியையும் சுற்றிக் கட்டம் வரைந்து, பட்டியலிலிருந்து ‘ஆட்டோ’, ‘லாரி’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டம் தளர்ந்தால் ஓரத்துத் தார்ச்சாலையையும் வண்டி என்றே கணினி படித்துக்கொள்ளும். ‘தரவுக் குறியாக்கம்’ சரிவருமா?

முக்கூடலிலிருந்து:
வேண்டாம் அண்ணாச்சி. என்கோடிங் (குறிகளாக மாற்றுவது), என்கிரிப்ஷன் (பிறர் படிக்காதபடி மறைப்பது) இரண்டுக்குமே குறியாக்கம் என்று எழுதுகிறார்கள். ‘தரவுப் பொறிப்பு’ என்போம். பட்டினப்பாலையில் சுங்கக்காரர் மூட்டைகளுக்குப் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ விடுகிறார்களே, அதே வேலை. பொறிக்குப் புள்ளி என்றும் பொருள் உண்டு. படமும் புள்ளிகளால் ஆனதுதான்.

தென்காசியிலிருந்து:
பொறி இயந்திரம், பொறி கண்ணி, பொறி தீப்பொறி. பேச்சில் ற, ர தேய்ந்து ‘பொரிப்பு’ ஆகிவிடும். ‘சிட்டையிடல்’ எளிது.

முக்கூடலிலிருந்து:
சிட்டை வடக்கிலிருந்து வந்தது.

தென்காசியிலிருந்து:
பட்டா, சிட்டா இல்லாமல் நம் ஊரில் நிலம் கைமாறுமா? மக்கள் வாயில் புழங்குவது தமிழ்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
வேர் தேடும்போது கூலியை மறக்க வேண்டாம். இது பெரும்பாலும் படக்கணக்குக் கூலி. பீடியில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது போல. நாம் வரைந்த கட்டத்தைச் சரிபார்ப்பவரின் கட்டத்தோடு ஒப்பிட்டு, பொதுப் பரப்பை இரண்டும் சேர்ந்த பரப்பால் வகுப்பார்கள். 100க்கு 100 புள்ளிக் கட்டம் பக்கவாட்டில் 10 புள்ளி நகர்ந்தாலே 9000ஐ 11000ஆல் வகுக்க வேண்டும், 0.82 வரும். எல்லை 0.9 என்றால் படம் கழிந்தது, பல இடங்களில் கூலியும் போச்சு. இந்தக் கணக்கு கையேட்டில் கட்டாயம் வேண்டும்.

கணினிக்குக் கற்றுக்கொடுக்கத் திரட்டிய படத்தொகுப்பான இமேஜ்நெட்டின் 1 கோடியே 40 லட்சம் படங்களுக்கும் பெயர் வைத்தது மனிதக் கைதான். வேலைக்குப் பெயர் தேடுகிறோம், செய்கிறவருக்கு? வீட்டில் பீடி சுற்றியவர்களையும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி என்றது. இவர்களும் ‘தரவுத் தொழிலாளி’தான்; ‘பயனர்’ என்று எழுதாதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:
‘தரவுத் தொழிலாளி’யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வேலைக்கு ‘அடையாளமிடல்’, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘லேபிளிங்’. மூன்று பேர் தனிமடலில் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

முக்கூடலிலிருந்து:
அச்சிடுங்கள். ஆனால் அடையாளமிடல் வெறும் விளக்கம், சொல் இல்லை. பின்னிணைப்பில் ‘பொறிப்பு’க்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.