மகளுக்குப் பம்ப் டிராக், டர்ட் ஜம்ப் ஓட்டணுமாம். சிங்கப்பூரில் எங்கே போகலாம்?

சுவாசூகாங் அப்பா:
வணக்கம். மகளுக்கு 12 வயது. பழசாக வாங்கிய 26 அங்குல ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக்) ஒன்று வைத்திருக்கிறாள். புளோக்குக்குக் கீழே இருக்கும் படி, திண்டு எதையும் விட்டுவைப்பதில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு முறை முறைத்துவிட்டார். வீடியோக்களைப் பார்த்துவிட்டு இப்போது மேடும் வளைவுமாகப் போட்ட பம்ப் டிராக்கும், மண் மேட்டில் ஏறிக் காற்றில் குதிக்கும் டர்ட் ஜம்ப்பும் வேண்டும் என்கிறாள். எனக்கோ ரோடு பைக் தவிர எதுவும் தெரியாது. எங்கே கூட்டிப்போவது? நேராக உபின் தீவுக்கே போய்விடலாமா? எங்களிடம் கார் இல்லை.

தீவுக்காரன்:
உபின்தான் சார், யோசிக்கவே வேண்டாம். கேட்டம் பாதையில் ஒரு சுற்று போனால் மகள் வீட்டுக்கே வரமாட்டாள்.

சேற்றுச்சக்கரம்:
தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள் அண்ணே. உபின் அருமையான இடம்தான், நானும் போகிறேன். ஆனால் கேட்டம் என்பது குவாரியைச் சுற்றிப் போகும் காட்டுப்பாதை. 2008-இல் அமைத்தது, சுமார் 10 கிலோமீட்டர். உங்கள் மகள் கேட்பது வேறு சமாச்சாரம். நடுத்தரக் கஷ்டம் என்று நீலச் சதுரம் போட்ட பாதை பரவாயில்லை. மிகக் கஷ்டம் என்று கறுப்பு வைரம், அதிலும் இரட்டை வைரம் போட்ட பலகையைத் தாண்டிவிட்டால் பாதை திடுதிப்பென்று சரியும். சைக்கிளைக் காற்றில் எப்படிப் பிடிப்பது என்று தெரியாத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? போதாததற்கு, சாங்கி படகுத்துறைக்கு எப்படிப் போவீர்கள்? எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளைத்தான் விடுவார்கள். பெரிய வாடகை வண்டி பிடித்து, அங்கே 12 பேர் சேரும்வரை காத்திருந்து, சைக்கிளுக்குத் தனிக்காசு கொடுத்துப் படகேறுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

நீங்கள் இருப்பது சுவா சூ காங். புக்கிட் பாஞ்சாங் தாண்டினால் செஸ்நட் இயற்கைப் பூங்கா, சைக்கிளிலேயே வந்துவிடலாம். தெற்குப் பகுதியை 2016-இலும் வடக்குப் பகுதியை 2017-இலும் திறந்தார்கள். மவுண்டன் பைக் பாதை மொத்தம் 8.2 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கு வேறு பாதை என்பதால் ஆன்ட்டி யாரும் முறைக்கமாட்டார்கள். பம்ப் டிராக்கும் அங்கேயே இருக்கிறது. முதல் சில வாரம் அதைவிட்டு நகரவே வேண்டாம். குதிப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

பம்ப் டிராக்கில் பெடலை மிதிக்கக் கூடாது, அதுதான் விஷயம். சீட்டை முழுக்க இறக்கிவிடுங்கள். எழுந்து நின்று, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். மேட்டில் ஏறும்போது கையையும் முழங்காலையும் மடக்கி, சைக்கிளைத் தன் பக்கம் வரவிட வேண்டும். உச்சியைத் தாண்டி இறங்கும் சரிவில் கைகால்களை நீட்டி அழுத்த வேண்டும். ஊஞ்சலில் நின்றுகொண்டு உந்துவோமே, அதே கணக்குத்தான். எல்லாப் பிள்ளைகளும் முதலில் ஏறும்போதே அழுத்துவார்கள், சைக்கிள் அப்படியே செத்துப்போய் நின்றுவிடும். அப்போது பக்கத்தில் நின்று கத்தாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும். முன் ஃபோர்க்கின் சஸ்பென்ஷன் அமுங்காமல் நிறுத்தும் லாக் இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அழுத்துகிற பலத்தை எல்லாம் அது குடித்துவிடும். டயரிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று இருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. மழை பெய்த அன்று வராதீர்கள். ஈரக் களிமண்ணில் ஓட்டினால் டயர் தடம் பள்ளமாக விழுந்து, காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். அடுத்து வருபவர் அதில் சக்கரம் மாட்டி விழுவார். மத்தியானம் எப்படியும் இடி இடிக்கும் ஊர் இது, காலையிலேயே வந்துவிடுங்கள்.

பிடோக் பாட்டன்:
கிழக்குப் பக்கம் வந்தால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளோட்டிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, அங்கேயும் பம்ப் டிராக் உண்டு. சனி ஞாயிறில் மட்டும் வேண்டாம், மூன்று சக்கர வண்டிக் குழந்தைகள் குறுக்கே வரும். தெம்பனிசில் ஒரு பைக் பார்க் இருந்தது. 2010 இளையர் ஒலிம்பிக்கின் பிஎம்எக்ஸ் (சின்னச் சக்கர சைக்கிள் பந்தயம்) போட்டி நடந்த தடம். 2014-இல் மூடிவிட்டார்கள். அந்த மண் மேடுகளுக்கு ஈடாக இன்றுவரை எதையும் நான் பார்க்கவில்லை, சும்மா சொல்லவில்லை.

சேற்றுச்சக்கரம்:
அதை ஏன் ஞாபகப்படுத்துகிறீர்கள் ஐயா. வயிறு எரிகிறது.

சுவாசூகாங் அப்பா:
மிக்க நன்றி. செஸ்நட்டையே முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். முகத்தையும் மூடும் ஹெல்மெட் இப்போதே வாங்கணுமா? அப்புறம், எப்போது குதிக்க விடலாம்? தினமும் கேட்கிறாள்.

சேற்றுச்சக்கரம்:
பம்ப் டிராக்குக்குச் சாதாரண ஹெல்மெட் போதும், தலையில் ஆடாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். காசு இருந்தால் முதலில் முழங்கால் காப்பும் விரல் மூடிய கையுறையும் வாங்குங்கள். விழும்போது முதலில் தேய்வது அந்த இரண்டும்தான். பெடலில் ஆணி மாதிரி முள் இருந்தால் கெண்டைக்கால் முன்னெலும்புக்கும் ஒரு காப்பு. முகம் மூடும் ஹெல்மெட்டைக் குதிக்க ஆரம்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது என்றால், மிதிக்காமல் முழுச் சுற்று வரணும், திருப்பத்தில் முன் சக்கரத்தைப் பார்க்காமல் வெளியேறும் பக்கம் பார்க்கணும். இது இரண்டும் தானாக வந்துவிட்டால் டேபிள்டாப்பில் விடுங்கள். ஏறும் மேட்டுக்கும் இறங்கும் மேட்டுக்கும் நடுவில் மண் நிரப்பியிருப்பார்கள், தூரம் போதாமல் விழுந்தாலும் சமதளத்தில்தான் இறங்குவாள். முதலில் குதிக்காமல் உருட்டிக்கொண்டே அதைக் கடக்கட்டும். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் சக்கரம் தானாகவே மண்ணைவிட்டு எழும். டபுள் என்று ஒன்று உண்டு, நடுவில் வெறும் பள்ளம். அதைக் கேட்டால் இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

தீவுக்காரன்:
அப்போ அடுத்த வருஷம் உபின்.

சேற்றுச்சக்கரம்:
சரி தம்பி, படகுக்காசு உன்னுடையது.