மாட வீதியில் பாதி விலைக்கு வீடு: வரி ரசீது போதுமா?

குளக்கரைவாசி:
மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பழைய வீடு ஒன்று பாதி விலைக்கு வருகிறதாம். சொத்து வரி ரசீது விற்பவர் பெயரில் இருக்கிறதாம், தைரியமாக வாங்கலாமாம். நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்து எரிச்சல்தான் வந்தது. பாதி விலைக்கு ஏன் தருகிறார்கள் என்று கேட்க மாட்டீர்களா? அந்தப் பக்கம் நிறைய மனைகள் கபாலீசுவரர் கோயில் அடிமனை, அதாவது மண் கோயிலுடையது. மேலே இருக்கும் செங்கல்லையும் ஓடுகளையும்தான் விற்பார்கள்.

நிலம்தேடி:
அந்த ஒருவர் நான்தான் சார். நாற்பது வருஷ வரி ரசீதைக் கோப்பில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மின் இணைப்பும் அவர்கள் பெயரில்தான். சொந்தமில்லாத வீட்டுக்கு யாராவது இவ்வளவு காலம் வரி கட்டுவார்களா?

குளக்கரைவாசி:
கட்டுவார்கள். எங்கள் தெருவிலேயே கட்டுகிறார்கள். கட்டடத்துக்கு வரி, கோயிலுக்கு அடிமனை வாடகை, இரண்டும் தனித்தனி. மண் யாருடையது என்று டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். மூலப்பத்திரத்தையும் கேளுங்கள். வீட்டுக்காரர் முகம் மாறும்.

பத்திரம்பார்ப்பவன்:
இந்து சமய அறநிலையச் சட்டம் 1959, பிரிவு 34: அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. 34ஏ பிரிவில் 3 ஆண்டுக்கு ஒருமுறை வாடகை திருத்தம். ‘12 வருஷம் குடியிருந்தால் சொந்தம்’ என்ற கதையும் 109ஆம் பிரிவின் முன் எடுபடாது.

நிலம்தேடி:
சட்டமெல்லாம் சரி. வரி ரசீதுக்குப் பதில் எங்கே?

குளக்கரைவாசி:
அதைத்தானே ஐயா சொன்னேன்! அந்த ரசீதோடு வங்கிக்குப் போய் வீட்டுக் கடன் கேளுங்கள். காபி கொடுத்து அனுப்பி வைப்பார்கள்.

வேளச்சேரிக்காரன்:
எதற்கு இந்தப் பாடு? எங்கள் பக்கம் வாருங்கள். லிஃப்ட், கார் நிறுத்த இடம், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, எல்லாம் பத்திரத்திலேயே இருக்கும்.

குளக்கரைவாசி:
2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த கார் எங்கே நின்றது? நின்றதா, மிதந்ததா?

வேளச்சேரிக்காரன்:
வந்துவிட்டார். அறுபத்துமூவர் திருவிழா அன்று உங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வருமா? அதைச் சொல்லுங்கள் முதலில். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டுவதைப் பற்றி மூச்சே காணோம்.

குளக்கரைவாசி:
இரண்டு மெட்ரோ வழித்தடமும் திருமயிலையில்தான் சந்திக்கப் போகின்றன. 1997இலேயே பறக்கும் ரயில் பார்த்த ஊர் இது. உங்களுக்கு அது வந்தது 2007இல். பொறாமை புரிகிறது.

அல்லிக்கேணி:
‘பழைய ஊர்’ என்றாலே மயிலாப்பூர் மட்டும்தான் என்கிற நினைப்பு இங்கே யாருக்கும் போகாது போல. எங்கள் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் கல்வெட்டு இருக்கிறது. உங்கள் கோயில் போர்த்துகீசியர் வந்த பிறகு இடம் மாறிக் கட்டியது என்றுதானே சொல்கிறார்கள்?

குளக்கரைவாசி:
சம்பந்தர் பாடியது எந்த ஊரை? வரலாறு பேச வேண்டுமானால் தனியாக வாருங்கள். போன தடவை வாடகை விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து பாதியில் ஓடினீர்கள்.

அல்லிக்கேணி:
நான் ஓடவில்லை. பதில் சொல்ல முடியாமல் நீங்கள்தான் பேச்சை மாற்றினீர்கள்.

நிலம்தேடி:
யாராவது ஒருவர் நேராகச் சொல்லுங்கள். மாநகராட்சி அரசு அமைப்பா இல்லையா? அரசு அமைப்பு ஒருவர் பெயரில் ரசீது போட்டால் அதற்கு மதிப்பே இல்லையா?

பத்திரம்பார்ப்பவன்:
வரி கட்டியதற்கு மதிப்பு உண்டு. வரி கட்டியதற்கு மட்டும்.

நிலம்தேடி:
அப்படியானால் மதிப்பு உண்டு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

குளக்கரைவாசி:
ஐயா, முன்பணம் கொடுத்தாகிவிட்டதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நிலம்தேடி:
அது என் சொந்த விஷயம்.

வேளச்சேரிக்காரன்:
கொடுத்துவிட்டார்!

அல்லிக்கேணி:
குளக்கரை சார், சம்பந்தர் பாடியபோது கோயில் எங்கே இருந்தது என்று இன்னும் சொல்லவில்லை நீங்கள்.