கை வின்ச்: சேற்றில் இழுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சேற்றில் சிக்கிய வண்டியைக் கையாலேயே இழுத்து எடுக்கும் கை வின்ச் வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் எத்தனை டன் என்றுதான் கேட்கிறார்கள். ரோப் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள், அதுதான் முதல் கேள்வி. என்னிடம் இருந்தது ரோப்பை டிரம்மில் (உருளையில்) சுற்றும் ராட்செட் வகை, பல்சக்கரம் பின்னால் நழுவாமல் பிடிக்கும், கம்-அலாங் என்பார்களே, அது. பெட்டியில் 2 டன் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஆனால் ரோப்பைக் கப்பி வழியாகத் திருப்பி இரட்டையாகப் போட்டால்தான் அந்த 2 டன், ஒற்றையில் பாதிதான். இரட்டையாகப் போட்டால் எட்டும் தூரமும் பாதியாகிவிடும்.

ஒரு தடவை ஓடைக் கரையில் வண்டியின் பின்சக்கரம் இரண்டும் இறங்கி நின்றது. நம்பிக் கட்டக்கூடிய மரம் நல்ல தூரத்தில். வின்ச் ரோப்போ வண்டி நீளம்கூட வராது. கூட வந்தவர்களின் வண்டி இழுக்கும் பெல்ட்டுகளை வாங்கி ஷேக்கிள் (இணைக்கும் இரும்பு வளையம்) போட்டுக் கோத்தோம். அதில் ஒன்று நீளும் ரகம், ஒரு வண்டியால் இன்னொரு வண்டியை வெடுக்கென்று இழுக்கப் பயன்படுத்துவது. கைப்பிடியை அடிக்க அடிக்க பெல்ட் நீண்டுகொண்டே போனது, டிரம் நிறைந்துவிட்டது, வண்டி அப்படியே நின்றது. அதைக் கழற்றிவிட்டு நீளாத பெல்ட்டும் சங்கிலியும் போட்ட பிறகுதான் ஒவ்வொரு கிளிக்குக்கும் சக்கரம் அசைந்தது.

*

இந்தத் தூரப் பிரச்சினைக்காகவே நான் டிர்ஃபோர் என்ற பிராண்டு கை வின்ச் பக்கம் போனேன். இதில் டிரம்மே கிடையாது. உள்ளே இரண்டு ஜோடி தாடைகள், கயிறு ஏறுகிறவன் கை மாற்றிப் பிடிப்பதுபோல வயர் ரோப்பை மாறி மாறிக் கவ்வி இழுக்கும். அதனால் ரோப் எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை. டிரம்மில் சுற்றுச் சேரச் சேர இழுவை குறையுமே, அதுவும் இதில் கிடையாது. டியூ-16 மாடல் என்றால் 1,600 கிலோ, டியூ-32 என்றால் 3,200. ஒற்றை ரோப்பில், பாரம் தூக்கும் கணக்கு அது. பெட்டிக் கணக்கு மாதிரி ஏமாற்று இல்லை.

கனம்தான் தொல்லை. டியூ-16 இயந்திரமே ஏறத்தாழ 20 கிலோ, ரோப் தனி. சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்தால் தெரியும்.

ஒரு தடவை நண்பர் ஒருவர் முழு பலத்தோடு அடித்துக்கொண்டிருக்கும்போது டக்கென்று கைப்பிடி லொடலொடவென்று ஆகிவிட்டது. இயந்திரம் போச்சு என்று பயந்துவிட்டார். போனது ஷியர் பின், பாரம் மீறினால் உடையட்டும் என்றே வைத்திருப்பது. ரோப்பைத் தாடை பிடித்தபடியே இருந்தது, வண்டி ஒரு விரல்கூடப் பின்வாங்கவில்லை. மாற்றுப் பின் போட்டுத் தொடர்ந்தோம். பின் கைவசம் இல்லையென்று ஆணியோ போல்ட்டோ சொருகிவிடாதீர்கள், அப்புறம் உடைவது வேறு ஏதாவதாக இருக்கும். ரோப்பும் அதற்கென்றே உள்ள தடிமனில் எஃகு ரோப்தான் வேண்டும். முறுக்கி மடிந்த இடம் உள்ளே நுழையாது.

இன்னொன்று, தளர்த்துவது. டிர்ஃபோரில் அதற்கென்று தனி லீவர் உண்டு, பாரம் இருக்கும்போதே அங்குலம் அங்குலமாக விடலாம். மலிவான ராட்செட்டில் பாரத்தோடு தளர்த்தும்போது கைப்பிடி எகிறினால் மணிக்கட்டு போய்விடும். கடையிலேயே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

*

வண்டியைத் தூக்கும் உயரமான ஃபார்ம் ஜாக் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதையே வின்ச்சாகவும் படுக்கப் போடலாம், இன்னொரு தடவை நாங்கள் அப்படித்தான் வெளியே வந்தோம். ஒரு மீட்டர் இழுத்ததும் வண்டியை வேறு சங்கிலியில் பிடித்து நிறுத்தி, ஜாக்கைத் திரும்ப ஓட்டி, மறுபடி மாட்ட வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டது. அவசரத்துக்குப் போதும், இதையே நம்பிக் கிளம்புவது எனக்குச் சரியாகப்படவில்லை.

எத்தனை கிலோ இழுவை வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சக்கரம் மூழ்கும் அளவு சேறு என்றால் வண்டியின் எடை அளவுக்கே இழுவை வேண்டும், மட்கார்டு வரை போய்விட்டால் இரண்டு மடங்கு. சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்த எடை. 1,600 கிலோ வின்ச்சோடு ஒரு ஸ்னாட்ச் பிளாக் (ரோப்பைத் திருப்பி இரட்டையாக்கும் கப்பி) போட்டால் ஏறத்தாழ இரட்டிப்பாகும், கப்பி உராய்வில் கொஞ்சம் போகும். அதற்கும் முன்னால் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முன்பக்க எலக்ட்ரிக் வின்ச் இருப்பவர்களும் கை வின்ச் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வந்த வழியே பின்னால் இழுப்பதுதான் பெரும்பாலும் சுலபம், அதற்கு முன்பக்க வின்ச் உதவாது. தண்ணீரில் எஞ்சின் நின்று பேட்டரியும் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

கொக்கியை டிரெய்லர் மாட்டும் இரும்புப் பந்தில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள், பிய்ந்தால் குண்டு மாதிரி பறக்கும். ரோப் மேல் கனமான போர்வை, கையில் தோல் உறை.

*

பழைய டிர்ஃபோர் எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: எடுக்கலாம். பாரம் கட்டி முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள், ரோப் வழுக்கினால் தாடை தேய்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். நீளும் கைப்பிடி கூட வருகிறதா என்றும் பாருங்கள், பழையதில் அதுதான் முதலில் காணாமல் போயிருக்கும். ரோப்பைப் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.