நீர்மட்ட வளைவு ஓரத்தில் எகிறுகிறது: எங்கே பிழை?

தூண்டில் (பாயான் லெப்பாஸ்):
வணக்கம். அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் பத்து மாவுங் பக்கம் சின்னப் படகில் மீன் பிடிக்கப் போவார்கள். நீர் இறங்கிவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் எந்த நேரத்துக்கும் நீர்மட்டம் சொல்லும் சின்ன நிரல் ஒன்றை அவருக்காக எழுதுகிறேன். கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் நேரமும் உயரமும் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு 27 புள்ளிகள் வருகின்றன. எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் பல்லுறுப்புக்கோவையை லாக்ராஞ்ச் வாய்பாட்டில் போட்டேன். புதன், வியாழன் வளைவு அழகாக இருக்கிறது. திங்கள் விடியற்காலையிலும் ஞாயிறு இரவிலும் கடல் லட்சக்கணக்கான மீட்டர் எகிறுகிறது. பினாங்கின் கொம்தார் கோபுரமெல்லாம் எந்த மூலைக்கு! நியூட்டன் முறையிலும் அதே வளைவுதான். தசமத் துல்லியத்தைக் கூட்டியும் மாறவில்லை. எங்கே பிழை?

கேஎல் நிரலர்:
சமதூரப் புள்ளிகளால் வரும் வினை இது. ஓரங்களில் நெருக்கமாக அமையும் செபிஷேவ் புள்ளிகளுக்கு மாறுங்கள், சரியாகிவிடும்.

தூண்டில்:
நேரத்தை நான் எப்படி அண்ணே மாற்றுவது? கடல் எப்போது ஏறுகிறதோ அப்போதுதான் புள்ளி.

கணக்கு வாத்தியார் (பட்டர்வொர்த்):
தம்பி சொல்வது சரி. எங்கே அளப்பது என்று நாமே தீர்மானிக்க முடிந்தால் செபிஷேவ் நல்ல யோசனை. இங்கே அதற்கு வழியில்லை.

உங்கள் நிரலில் பிழை ஏதும் இல்லை. வெவ்வேறு நேரங்களில் 27 புள்ளிகள் இருந்தால், படி 26-ஐத் தாண்டாமல் அவற்றைத் தொடும் பல்லுறுப்புக்கோவை ஒன்றே ஒன்றுதான். லாக்ராஞ்ச் என்றாலும் நியூட்டன் என்றாலும் எழுதும் விதம்தான் வேறு. (லாக்ராஞ்ச் அதை வெளியிட்டது 1795-இல். எட்வர்ட் வாரிங் 1779-லேயே வெளியிட்டுவிட்டார், பெயர் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.) அந்த ஒரே கோவையே ஓரத்தில் எகிறும் குணமுள்ளது என்பதால் துல்லியத்தைக் கூட்டிப் பயனில்லை.

1901-இல் கார்ல் ருங்கே காட்டியது இதைத்தான். −1 முதல் 1 வரை 1/(1+25ப²) என்ற சாதுவான வளைவை எடுத்துச் சமதூரப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால், நடுவில் பொருத்தம் கூடும், ஓரத்தில் ஆட்டமும் கூடும். ஆட்டம் தரவைப்போல் எத்தனை மடங்கு பெரிதாகலாம் என்பதற்கு லெபெக் மாறிலி என்று ஓர் அளவு உண்டு. 27 சமதூரப் புள்ளிகளுக்கு அது ஏறக்குறைய 5 லட்சம். அதே 27 புள்ளிகள் செபிஷேவ் இடங்களில் இருந்தால் 3-தான். உங்கள் தரவோ மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி வருகிறது. சமதூரப் புள்ளிகளுக்கு இதைவிட மோசமான தரவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, லட்சக்கணக்கான மீட்டர் என்பது ஒழுங்காகக் கணக்குப் போட்டதற்குக் கிடைத்த விடை!

மாலதி (ஜெலுத்தோங்):
அப்படியென்றால் முப்படி ஸ்ப்ளைன், அதாவது முப்படித் துண்டுகளை வழுவழுப்பாக ஒட்டிய வளைவு, போதுமே? நான் வேலையில் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கணக்கு வாத்தியார்:
எகிறாது, உண்மைதான். ஆனால் சாதாரண ஸ்ப்ளைனின் உச்சி அட்டவணை சொல்லும் நேரத்தில்தான் விழும் என்று உறுதியில்லை. ஏற்றத்தின் உயரத்தைக் கொஞ்சம் தாண்டியும் போய்வரும்.

நம் கையில் இருக்கும் ஒரு தகவலை இதுவரை யாரும் தொடவில்லை. ஏற்றமும் இறக்கமும் திரும்பும் இடங்கள், அங்கே சாய்வு சுழியம். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் உயரமும் தெரியும், வகைக்கெழுவும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பொருத்தி இடையிலுள்ள மதிப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் ஹெர்மைட் இடைச்செருகல். வாரம் முழுக்க ஒரே கோவை வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு முப்படிக் கோவை போதும். கடந்த நேரத்தின் பங்கு ப என்றால்:

உயரம் = தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) × (3ப² − 2ப³)

எடுத்துக்காட்டுக்கு, 5:10-க்கு இறக்கம் 0.6 மீட்டர், 11:22-க்கு ஏற்றம் 2.4 மீட்டர் என்று வையுங்கள். 6:43-க்கு கால் பங்கு நேரம் முடிந்திருக்கும்; இரண்டாவது அடைப்புக்குள் 0.156 வரும், உயரம் 0.88 மீட்டர். நேர்கோடு போட்டிருந்தால் 1.05 காட்டியிருக்கும். சேற்றுக்குப் பக்கத்தில் அந்த 17 சென்டிமீட்டரை நம்பிப் படகை விடக்கூடாது.

மாலுமிகள் கொசைன் வளைவையும் பயன்படுத்துவார்கள். இதற்கும் அதற்கும் வித்தியாசம் அதிகம் போனால் ஏற்ற இறக்க வீச்சில் 1 சதவீதம்.

மாலதி:
பைத்தான் மொழியின் சைபை நூலகத்தில் பிசிப் என்று ஒன்று இருக்கிறதே, துண்டு துண்டான முப்படி ஹெர்மைட்; சாய்வைப் போடுவது 1984-இல் ஃப்ரிட்ச், புட்லண்ட் கொடுத்த முறை. உச்சி வரும் இடத்தில் தானாகவே சாய்வைச் சுழியமாக்கிவிடும்.

கணக்கு வாத்தியார்:
நடுப்புள்ளிகளில் ஆக்கும், முதல், கடைசிப் புள்ளிகளில் ஆக்காது. அங்கே பக்கத்துப் புள்ளிகளை வைத்து வேறொரு சாய்வைத் தானே போட்டுக்கொள்ளும். அதனால் திங்கள் காலை மறுபடியும் கோணலாகும். முந்திய நாளின் கடைசிப் புள்ளியையும் அடுத்த திங்களின் முதல் புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது. இல்லையென்றால் சாய்வுகளை நாமே கொடுக்கும் ஹெர்மைட் ஸ்ப்ளைனில் எல்லாவற்றுக்கும் சுழியம் போடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கேஎல் நிரலர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை உயரம் கடல் வரைபடம் சுழியமாக எடுத்துக்கொள்ளும் மட்டத்திலிருந்து கணக்கிடுவது. படகுக்குக் கீழே உள்ள ஆழம் வேறு. காற்று பலமாக அடித்தால் அட்டவணையும் தவறும். அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

தூண்டில்:
ஹெர்மைட் போட்டேன், திங்கள் காலை ஒழுங்காக வருகிறது. நன்றி சார், நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். அப்பா அனுப்பிய அட்டவணைப் படத்தில் ஓர் இறக்கத்தின் மேல் தே தாரிக் தேநீர்க் கறை. நேரம் தெரிகிறது, உயரம் தெரியவில்லை. அங்கே சாய்வு சுழியம் என்பதை மட்டும் வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கலாமா?

கணக்கு வாத்தியார்:
நல்ல கேள்வி. ஓரிடத்தில் உயரம் இல்லாமல் வகைக்கெழு மட்டும் தெரிந்தால் அது பிர்க்காஃப் இடைச்செருகல். ஜார்ஜ் பிர்க்காஃப் என்ற கணிதர் 1906-இல் ஆராய்ந்தது. ஹெர்மைட்டில் விடை எப்போதும் உண்டு, ஒன்றே ஒன்றுதான். இங்கே அந்த உத்தரவாதம் போய்விடுகிறது.

உங்கள் கணக்கையே எடுங்கள். இறக்கம் இரண்டு ஏற்றங்களுக்கும் சரியாக நடுவில் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றங்களின் உயரம் இரண்டு, சாய்வு மூன்று, மொத்தம் ஐந்து நிபந்தனைகள். நான்காம் படிக் கோவையில் ஐந்து கெழுக்கள். எண்ணிக்கை பொருந்துகிறது. ஆனாலும் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரமாக இருந்தால் இறக்கம் எவ்வளவு ஆழமானாலும் எல்லா நிபந்தனையும் நிறைவேறும், விடைகளுக்கு முடிவே இல்லை. ஏற்றங்கள் ஒரு சென்டிமீட்டர் வேறுபட்டாலும் விடையே கிடையாது.

நேரம் சரியாக நடுவில் இல்லாவிட்டால் ஒரு விடை வரும். ஆனால் நேரம் ஒரு நிமிடம் அப்படி இப்படி ஆனாலே அந்த உயரம் எங்கேயோ போய்விடும். அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். அப்பாவிடம் வேறு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தூண்டில்:
சரி சார், கேட்டுவிட்டேன். 0.7 மீட்டராம்.